கெட்டது மேலே இருக்கட்டும்

ஆட்கள் முன்னால் எனக்குப் பேச வராது. சிறு வயதிலிருந்தே அப்படித்தான். அஞ்சாவது வரை படித்தேன். ஆஜர் கூப்பிடும்போதுகூட பக்கத்தில் உட்கார்ந்தவள்தான் எனக்கும் சேர்த்து "உள்ளேன் ஐயா" சொல்லுவாள். அப்படிப்பட்ட என்னால் ஒரு கம்பெனியே ஒருநாள் ஆடிப்போனது.

பிறந்த வீடு பழவேற்காட்டு ஏரிக்கரை. அம்மா எறா, அதாவது இறால், விற்பாள். கூடையோடு பொன்னேரிக்குப் பஸ் ஏறி, அங்கே தெருத்தெருவாகப் போவாள். எங்கள் வரிசை வீட்டுப் பெண்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. நசுங்கியது, தலை கழன்றது, நிறம் மாறியது எல்லாவற்றையும் கூடையின் மேலேயே பரப்பி வைப்பார்கள். நல்லது அடியில் இருக்கும். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. தினமும் அதே தெரு, அதே வாசல். கெட்டதை அடியில் ஒளித்து விற்றால் மறுநாள் அந்த வாசலில் போய் நிற்க முடியாது. "கண்ணால பாத்து வாங்கிக்கினா அப்புறம் வாயத் தொறக்க மாட்டாங்க" என்பாள் அம்மா.

என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் அம்மா அதே மாதிரிதான் கடை விரித்தாள். வந்தவர்கள் உட்காருவதற்குள், "பொண்ணு வாயத் தொறந்து பேசாது. கொயம்பு வெச்சா உப்பு இருக்காது. நடந்தா எதுலயாவது முட்டிக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் காபியே கொடுத்தாள். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குறை இவ்வளவுதான் என்றால் மிச்சமெல்லாம் நல்ல சரக்கு என்று நினைத்திருக்க வேண்டும். அடுத்த மாதமே கல்யாணமாகிக் கும்மிடிப்பூண்டிக்கு வந்துவிட்டேன்.

அது எழுபதுகளின் கடைசி, அங்கே தொழிற்பேட்டை வந்த புதிது. பேட்டை ஓரத்தில் தகரக் கூரை போட்ட சின்னக் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. கதவுத் தாழ்ப்பாள் செய்கிற கம்பெனி. நாங்கள் எட்டுப் பெண்கள். மற்றவர்கள் வளைப்பார்கள், துளை போடுவார்கள், தேய்ப்பார்கள். மரப்பெட்டியில் வைக்கோல் போட்டுத் தாழ்ப்பாளை அடுக்குவது என் வேலை. தாழ்ப்பாளோடு யாரும் பேச வேண்டியதில்லை. எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

முதலாளி மெட்ராஸ்காரர். கெட்டவர் இல்லை, பயந்தவர். ஒருநாள் எங்களைக் கூட்டி வைத்து, மெட்ராஸில் வீடுகள் கட்டும் பெரிய காண்டிராக்டர் சரக்குப் பார்க்க வருகிறார், அவர் எடுத்தால் கம்பெனி ஓடும், எடுக்காவிட்டால் அடுத்த மாதம் பூட்டுதான் என்று சொன்னார். என் வீட்டுக்காரர் அப்போது கால் உடைந்து கட்டிலில் கிடந்தார். என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை வைத்தோம். மற்றவர்கள் கதையும் ஏறக்குறைய அதுதான்.

மத்தியானம் மேஸ்திரி என்னிடம் வந்தார்.

"தோ பாரும்மா, நாளைக்குப் பார்ட்டி வராரு. பெட்டிய பாத்து அடுக்கு. நம்ம மானம் உன் கையிலதான் கீது."

தலையை ஆட்டினேன்.

"உங்கூட்ல மீன் யாவாரம்தான? எத மேல வெக்கறது, எத அடியில வெக்கறதுன்னு உனக்கு நான் சொல்லணுமா இன்னா?"

அதற்கும் ஆட்டினேன். அவர் திருப்தியாக டீ குடிக்கப் போனார்.

குவியலைக் கொட்டி ஒவ்வொரு தாழ்ப்பாளாகத் தள்ளிப் பார்த்தேன். துருப் பிடித்தது, கோணல், நடுவில் சிக்கிக்கொள்வது எல்லாவற்றையும் தனியாகப் பொறுக்கினேன். பழவேற்காட்டு வழக்கப்படி அத்தனையையும் மேல் வரிசையில், பளிச்சென்று கண்ணில் படும்படி அடுக்கினேன். மேஸ்திரி மூடி போட்டு ஆணி அடித்தார்.

மறுநாள் காலையில் காண்டிராக்டர் வந்தார். தடிக் கண்ணாடி போட்ட பெரியவர். பெட்டியைத் திறக்கச் சொல்லி முதல் தாழ்ப்பாளை எடுத்துத் தள்ளினார். நகரவில்லை. இரண்டாவதை எடுத்தார். குமிழ் கையோடு வந்துவிட்டது. அதை முதலாளியின் உள்ளங்கையில் பிரசாதம் மாதிரி வைத்துவிட்டு மூன்றாவதை எடுத்தார்.

"மேல வெச்சதே இதுன்னா அடியில இன்னாய்யா வெச்சிகிறீங்க, வெறும் வைக்கோலா?"

முதலாளி மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி என்னைப் பார்த்தார். "மீன்கார ஊட்டுப் பொண்ணுன்னு நம்பினேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய்விட்டேன்.

காண்டிராக்டர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். துளை போடுகிற மிஷின்காரி என் இடுப்பில் குத்தினாள். "யக்கா, எட்டு ஊட்டு அடுப்பு அணையப் போவுது. இன்னிக்கி ஒரு நாளாவது வாயத் தொற."

தலைப்பை வாயிலிருந்து எடுத்தேன். தூணைப் பார்த்தே சொன்னேன்.

"கெட்டது அவ்ளோதான் ஐயா. அடியில இல்ல."

"யாரு பேசறது?" என்று பெரியவர் திரும்பினார்.

"எங்க பாக்கிங் அக்கா ஐயா. மூணு வருசத்துல இதான் மொத தடவ!" என்றாள் மிஷின்காரி.

பெரியவர் குடையை வைத்துவிட்டுப் பெட்டியைக் கவிழ்க்கச் சொன்னார். முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். பெட்டியில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாதே! பெரியவர் கீழே குந்தி ஒவ்வொன்றாகத் தள்ளினார். டக், டக் என்று அத்தனையும் ஓடின. கடைசித் தாழ்ப்பாளையும் தள்ளிப் பார்த்துவிட்டு, "இத்தினி வருசத்துல அடியில நல்லத வெச்சவன நான் பாத்ததே இல்ல" என்றார். ஆர்டர் கிடைத்தது. இனி எல்லாப் பெட்டியும் இப்படியே வரவேண்டும், மேலே இருக்கும் கெட்டதை மட்டும் எடுத்துத் திருப்பி அனுப்புவேன், அடியில் பார்க்க மாட்டேன் என்றார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரெண்டு மாதம் கழித்து முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. என் பக்கத்தில் வந்து குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஏம்மா, அவருதான் அடியில பாக்கறதே இல்லியே. இந்தப் பதினாலு கெட்டதுல மேல நால வெய்யி. மீதி பத்த அடியில சொருவிடு. நாலப் பாத்ததும் நம்மள நம்பிடுவாரு. இன்னா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக என் தலை ஆடவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். தைரியம் என்று நினைத்துவிட வேண்டாம். நாளைக்கு யாராவது அந்தப் பெட்டியைக் கவிழ்த்தால் மறுபடி நான்தானே தூணுக்குப் பின்னாலிருந்து பதில் சொல்ல வேண்டும்? அந்த ஒரு தடவை பேசியதற்கே எனக்கு மூன்று நாள் காய்ச்சல்.

"ஒடம்பு சரியில்லியா?" என்றார். "ஊட்ல எதுனா பேஜாரா?" என்றார். "வேல வேணாமா உனக்கு?" என்று சத்தம் போட்டார். கட்டிலில் கிடந்த வீட்டுக்காரர் நினைவுக்கு வந்தார். அப்போதும் கை மடியைவிட்டு எழவில்லை. வெளியே லாரிக்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். அடுக்காத தாழ்ப்பாள் என்னைச் சுற்றிக் குவிந்துகொண்டே போனது.

எல்லாவற்றையும் காதில் வாங்கியிருந்த துளை மிஷின்காரி எட்டிப் பார்த்தாள். "சார், அது பேசாது. அந்தப் பத்தையும் நீங்களே மேல வெச்சிட்டா எய்ந்துரும்."

முதலாளி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு குந்தினார். முனகிக்கொண்டே அந்த நாலோடு பத்தையும் பொறுக்கி மேலே வைத்தார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அந்த அடுக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒன்று கிழக்கே பார்த்தது, ஒன்று மேற்கே பார்த்தது. அவர் அந்தப் பக்கம் போனதும் பதினான்கையும் எடுத்துத் திரும்ப ஒழுங்காக அடுக்கினேன்.