சிமிழ் சுமந்த ரேடியோ

தையல்கடைக்காரிக்கு ரேடியோ அக்கா என்று பேர் வைத்தது யாரென்று எவருக்கும் ஞாபகம் இல்லை. பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ரவிக்கைக்கு அளவெடுக்கக் கையைத் தூக்கச் சொன்னால், கையை இறக்குவதற்குள் மாதா கோயில் பங்கு முழுவதின் செய்தியையும் வாசித்து முடித்துவிடுவாள். கெட்ட மனசு கிடையாது. வாய்க்குத்தான் பூட்டு கிடையாது.

இப்படிப்பட்டவளைத்தான், படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்கு ஞாயிறுதோறும் நற்கருணை கொண்டுபோகப் பங்குச் சாமியார் தேர்ந்தெடுத்தார். பூசை முடிவில் அவர் இதை அறிவித்தபோது கோயிலுக்குள்ளேயே இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவளே அவரிடம் ஓடிப்போய், "ஃபாதர், ஆள மாத்திச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"எந்த வீட்ல யாரு படுத்திருக்காங்கன்னு என் பதிவேட்டுல இல்லம்மா, உங்ககிட்டதான் இருக்கு. ஆனா ஒண்ணு. நற்கருணை வச்ச சிமிழ் கழுத்துல இருக்கற வரைக்கும் வழியில யார்கிட்டயும் பேசக் கூடாது. ஜெபத்துல நோயாளி சொல்ல வேண்டியத நோயாளிதான் சொல்லணும். நேரமானா காத்திருங்க. முந்திக்காதீங்க."

"அதுக்கு முழங்கால்லயே நடந்து போன்னு சொல்லியிருக்கலாம் ஃபாதர்."

தெருமுனை தாண்டமாட்டாள் என்று பால்காரர் பந்தயம் கட்டினார். அவளோ கடையை அடைத்துவிட்டு, சிமிழ் வைக்க ஒரு வெள்ளைப் பை தைக்க உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு காஜா எடுக்கிறவள், நான்கு விரல் அகலப் பைக்கு மூன்று முறை பிரித்துத் தைத்தாள்.

முதல் ஞாயிறு அந்தப் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கோயில் படி இறங்கினாள். உள்ளே இருப்பது காகிதம்போல் மெல்லிய நாலைந்து அப்பத் துண்டுகள். ஒரு பித்தான் அளவுகூடக் கனமில்லை. ஆனால் வானத்தையும் பூமியையும் உண்டாக்கியவர், தான் தைத்த பைக்குள், தன் நெஞ்சுக்கு நேரே இருக்கிறார் என்று நினைத்து, பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். போயும் போயும் என்னிடமா என்று கேட்டுக்கொண்டாள். எதிரே பால்காரர் வேண்டுமென்றே, "அக்கா, விஷயம் தெரியுமா?" என்று ஆரம்பித்தார். அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவரே தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். பந்தயத்தில் தோற்றது அவருக்குக் கடைசிவரை வருத்தமாய் இல்லை.

அதன்பின் எட்டு மாதம், ஒரு ஞாயிறு தவறவில்லை. சிமிழோடு அவள் வந்தால் ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடிப்பதை நிறுத்தினார்கள். அவள் போகாத வீடு ஒன்றே ஒன்றுதான். அது அவளுடைய ஓரகத்தியின் வீடு. கணவனின் அண்ணன் மனைவி, பெரியவள். இரண்டு பேருக்கும் பேச்சு அறுந்து பதினோரு வருடம்.

காரணம் ரேடியோவின் வாய்தான். பெரியவளின் மகளுக்குக் கல்யாணம் பேசி, கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க ஆரம்பித்திருந்த நேரம். மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். இரண்டாவது ஓலைக்குப் பிறகு ஒரு புதுப் பெண்மணி ரவிக்கை தைக்க வந்தாள். பேச்சுவாக்கில் ரேடியோ, அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்ததையும், இப்போது எப்படிக் கிளிபோல இருக்கிறாள் என்பதையும் பெருமையாகவே சொன்னாள். வந்தவள் மாப்பிள்ளைக்கு அத்தை. மூன்றாம் ஞாயிறு எல்லா ஓலையும் வாசித்தார்கள். அந்த ஒன்றை வாசிக்கவில்லை. கோயில் மொத்தமும் திரும்பிப் பெரியவளைப் பார்த்தது.

ரேடியோ மன்னிப்புக் கேட்கப் போனபோது கதவு திறக்கவில்லை. ஊரார் மூலம் சொல்லியனுப்பிய மன்னிப்போ பத்து வாய் மாறிப் பத்து விதமாய்ப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண் பிறகு நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டு இரண்டு பிள்ளைக்குத் தாயாகியும் இந்தக் கதவு திறக்கவில்லை. மூன்று வருடம் முன்பு ரேடியோவின் கணவன் இறந்தபோது பங்கே திரண்டு வந்தது. பெரியவள் மட்டும் வரவில்லை.

இப்போது பெரியவள் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கிடக்கிறாள். சாமியாரே போய் நன்மை, அதாவது நற்கருணை, கொடுத்துவந்தார். பங்குத் திருவிழா அன்று அவரால் நகர முடியவில்லை. விருந்தினரும் கூட்டமும் அப்படி. ரேடியோவைக் கூப்பிட்டுச் சிமிழை நீட்டினார்.

"ஃபாதர், அவங்க கேட்டாங்களா?"

"நன்மை வேணும்னு கேட்டாங்க. யாரு கொண்டு வரணும்னு கேக்கல."

கோயில் வாசலில் பேண்டு செட் பிளந்துகட்டிக்கொண்டிருந்தது. தோரணம், பலூன், ஒலிபெருக்கி, புதுத்துணி போட்ட சனம். அவள் தைத்த ரவிக்கைகளே ஐம்பதுக்குமேல் அங்கே நடமாடின. அவளைப் பார்த்ததும் பேண்டு மாஸ்டர் கையை உயர்த்தினார். டிரம்பெட் நின்றது, டிரம் நின்றது. கூட்டம் இரண்டாய்ப் பிரிந்து வழிவிட்டது. கொஞ்ச நேரத்துக்கு முன் கத்தியவர்கள் தலைகுனிந்து நின்றார்கள். இத்தனை சத்தமும் எதற்காகவோ அது இந்தச் சின்னப் பைக்குள் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்ததே, அதைக் கண்டு அவளுக்குப் புல்லரித்தது. அவள் எந்த வீட்டுக்குப் போகிறாள் என்பதும் எல்லாருக்கும் தெரியும். பெரியவள் வேண்டாமென்றால் இதே கூட்டத்துக்கு நடுவே சிமிழோடு திரும்ப வேண்டும்.

பெரியவளின் மருமகள் கதவைத் திறந்தாள். முக்காலியில் வெள்ளைத் துணி, மெழுகுவர்த்தி, ஒரு தம்ளர் தண்ணீர், எல்லாம் தயார். கட்டிலில் பெரியவள் பாதியாய் இளைத்திருந்தாள். வந்தவளைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டாள்.

ரேடியோ சிலுவை அடையாளம் போட்டு ஜெபத்தை ஆரம்பித்தாள். பெரியவளும் சேர்ந்துகொண்டாள். பிறர் பிழையை நாங்கள் பொறுப்பதுபோல எங்கள் பிழையையும் பொறுத்துக்கொள்ளும் என்று கேட்கிற இடம் வந்ததும் பெரியவளின் குரல் நின்றுவிட்டது. ரேடியோவும் நிறுத்தினாள்.

மெழுகுவர்த்தி எரிந்தது. ஒரு நிமிடம் போயிற்று, இரண்டு போயிற்று. 'அவ்வளவுதான், மன்னிக்க மாட்டாள்' என்று ரேடியோவுக்குத் தோன்றியது. பதினோரு வருடத்துப் பேச்சு தொண்டைவரை வந்து முட்டியது. முந்திக்காதீங்க என்று சாமியார் சொல்லியிருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

பெரியவள் கண்ணைத் திறந்தாள்.

"உன் வீட்டுக்காரரு அடக்கத்துக்கு நான் வரலயேடி. பொடவைகூடக் கட்டிட்டேன். வாசப்படி தாண்ட வீம்பு விடல. அத நீ மன்னிச்சியான்னு தெரியாம இந்த வரிய எப்படிடி சொல்லுவேன்?"

கணவனின் சாவைப் பற்றி ரேடியோ ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் எத்தனை ஊசி, கல்லறைக்கு எத்தனை மாலை, எல்லாம் சொல்லியிருக்கிறாள். அன்று முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததை மட்டும் ஒருவரிடமும் சொன்னதில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. கண்ணீர் கன்னத்தில் வழிய, ஆமென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

பெரியவள் அந்த வரியைச் சொன்னாள். இருவரும் ஜெபத்தை முடித்தார்கள். ரேடியோ சிமிழைத் திறந்தாள். பெரியவள் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.

அந்த அறையில் நடந்ததை ரேடியோ அக்கா இன்றுவரை எவரிடமும் சொல்லவில்லை. நம்புங்கள், சொல்லவில்லை. பெரியவள்தான் கட்டிலில் கிடந்தபடியே, நலம் விசாரிக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"மன்னிச்சிட்டேன்னு அவ வாயால சொல்லியிருந்தா நான் நம்பியிருக்கவே மாட்டேன். அவளுக்குப் பேச்சு வரலியே, அப்பதான் நம்பினேன்."