கத்தாதவரின் கன்டெய்னர்

அலுவலகத்தில் அவளுக்கு ஒட்டடை அக்கா என்று பெயர். மென்பொருள் எழுத ஆயிரம் பேர் வருவார்கள். எழுதி முடித்த இடத்தைக் கூட்டிப் பெருக்க அவள் ஒருத்திதான். பட்டப்பெயரை முதுகுக்குப் பின்னால்தான் வைத்தார்கள். அவளோ அதையே ஒரு தாளில் எழுதித் தன் மேஜையில் ஒட்டிக்கொண்டாள்.

வேலை இதுதான். ஒரு புராஜெக்ட் தொடங்கினால், எங்கோ தொலைவில் இருக்கும் வாடகைக் கணினிகளில் ஆளுக்கொரு கன்டெய்னர் திறந்து கொடுப்பார்கள். உட்கார்ந்து எழுத ஆளுக்கொரு தனியறை என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதியதெல்லாம் அதோடு ஒட்டிய வால்யூம் என்ற சேமிப்பில் கிடக்கும். புராஜெக்ட் முடிந்ததும் எல்லாரும் கேக் வெட்டி, கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். கன்டெய்னர்களை நிறுத்தி, நீக்கி, சேமிப்பை அழித்து, கடைசியில் நெட்வொர்க்கையும் கழற்றி, வந்த சுவடே தெரியாமல் ஆக்குவது அவள் பாடு. இதில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. அடுத்தவர் உழைப்பில் ஒரு வரியைக்கூட அவள் தவறி அழித்ததில்லை.

யாருடையது என்று தெரியாத கன்டெய்னர் எப்போதும் ஒன்றிரண்டு மிஞ்சும். குழுவில் கேட்டால் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அந்தத் தொழிலில் இதற்கென்றே ஒரு வைத்தியம் இருக்கிறது. பேசாமல் அதை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். யார் அடித்துப்பிடித்து ஓடிவந்து கத்துகிறாரோ, அது அவருடையது. ஒருவரும் கத்தாவிட்டால் அநாதை, அழித்துவிடலாம்.

அன்றும் ஒன்று மிஞ்சியது. காலையில் வந்ததும் நிறுத்தினாள். யாரும் கத்தவில்லை. மதியச் சாப்பாடு முடிந்தும் கத்தவில்லை. மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து தலையை நீட்டி, "இன்னைக்குள்ள எல்லாம் காலியாகணும்மா" என்றார். கன்டெய்னரை நீக்கினாள். வால்யூமையும் அழிக்கச் சொன்னாள். திரும்பக் கிடைக்காது, அழிக்கவா என்று திரை கேட்டது. பதில் தட்டுவதற்குள் தொண்டை வறண்டது. தண்ணீர் குடிக்க எழுந்தாள்.

தண்ணீர் கேனுக்குப் பக்கத்து இருக்கையில் ஓர் ஆள் உண்டு. காலை மிதித்தால் மிதித்தவரிடமே மன்னிப்புக் கேட்கும் ரகம். 'பரவால்ல' என்றே எல்லாரும் அவனைக் கூப்பிட்டார்கள். அவன் அப்போது கீபோர்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான், ஒவ்வொரு எழுத்தாக.

"என்னப்பா, வேலை இல்லையா?"

"காலைலேர்ந்து என் கன்டெய்னர் திறக்க மாட்டேங்குதுக்கா. பரவால்ல."

"உன்னோடதா அது? குழுவுல கேட்டேனே!"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்க வேலையா இருப்பீங்க, எதுக்குத் தொந்தரவுன்னு..."

"உள்ள என்ன வச்சிருந்தே?"

"அடுத்த புராஜெக்டுக்கானதுக்கா. ரெண்டு மாச வேலை. முழுசா சரி பண்ணிட்டுக் காட்டலாம்னு வேற எங்கயும் ஏத்தி வைக்கல." கொஞ்சம் யோசித்துச் சொன்னான்: "போனாப் போகுது. மறுபடி எழுதிக்கிறேன்."

டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். அவன்மேல் கோபம், தன்மேல் அதைவிடக் கோபம். கத்தத் தெரிந்தவனுக்குத்தான் சொத்து என்றல்லவா இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தாள்! திரையில் கேள்வி இன்னும் நின்றுகொண்டிருந்தது. வேண்டாம் என்று தட்டினாள். புதுக் கன்டெய்னர் ஒன்றைத் திறந்து, அந்த வால்யூமை அதில் மாட்டினாள். கோப்புகள் ஒன்றுகூடக் குறையாமல் வந்தன. பின்னாலேயே வந்தவன் அவற்றைப் பத்திரமான இடத்தில் ஏற்றிவிட்டு, "ரொம்ப நன்றிக்கா" என்று நழுவப் பார்த்தான்.

"எங்க போறே? கத்திட்டுப் போ."

"பரவால்லக்கா."

"நீ கத்தாம இந்தப் பழைய வால்யூமை நான் அழிக்கப்போறதில்ல."

அவன் தொண்டையைச் செருமினான். "அது என்னோடது."

"கேக்கல."

"அது என்னோடது!" தளமே திரும்பிப் பார்த்தது. அவன் முகம் சிவந்துபோனது; ஆனால் வாய் நிற்கவில்லை. "அந்த ஏசி என் தலைமேலயே அடிக்குது! என் கப்பை எடுக்கறவங்க கழுவி வைங்க! அப்புறம், என் பேரு பரவால்ல இல்ல!"

மேனேஜர் ஓடிவந்தார். "என்னம்மா இது? காலி பண்ணியாச்சா இல்லையா?"

"கொஞ்சம் இருங்க சார்" என்றாள் ஒட்டடை அக்கா. "இவர் இன்னும் முடிக்கல."