கப்பல் ஊதினால் வெந்நீர்

என் அம்மாவைச் சேர்ப்பதற்காக வயதானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இடங்களைத் தேடி அலைந்தபோது, போன இடத்திலெல்லாம் நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கவனித்தேன். சோறு எப்படி, கட்டில் எப்படி, கக்கூஸ் சுத்தமா என்பதெல்லாம் மற்றவர்கள் கேட்கிற கேள்வி. நான் வராந்தாவில் போய் நின்றுகொண்டு காதைத் தீட்டி வைத்துக்கொள்வேன். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் அந்த இடத்துக்குக் கேட்கிறதா, இல்லையா? கேட்டால் அந்த இடம் வேண்டாம். அவ்வளவுதான் என் பரீட்சை. நான் ஏதோ நேர்த்திக்கடனுக்கு நிற்கிறேன் என்று நினைத்தவர்களும் உண்டு.

காரணத்தைச் சொன்னால்தான் புரியும். எங்கள் வீடு ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் போகிற ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீட்டு வரிசையில். ஒரே அறை, அதிலேயே அடுப்பு. என் அப்பா சரக்குக் கப்பலில் கலாசி. கயிறு இழுப்பது, தளம் கழுவுவது, இரும்பில் துருவைச் சுரண்டிச் சாயம் அடிப்பது அவர் வேலை. எங்கள் தெருவில் பாதி ஆண்களுக்கு அதே பிழைப்பு. அதனால் தெருவுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. கப்பலிலிருந்து வருகிறவன் அந்த அழுக்கோடும் வாடையோடும் படி ஏறக் கூடாது. வாசலில் போட்டிருக்கும் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து வெந்நீரில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஆகையால் கப்பல் ஊதுகிற சத்தம் கேட்டதும் பெண்கள் அடுப்பை மூட்டிவிடுவார்கள். தன் புருஷன் கப்பலா, வேறு கப்பலா என்றெல்லாம் விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆள் வந்தால் வெந்நீர் தயாராக இருக்கும். வராவிட்டால் அதில் பாத்திரம் கழுவிக்கொள்வார்கள்.

அப்பா வந்தால் பெரிய கூத்துதான். அம்மா முதல் சொம்பை ஊற்றியதும் “ஐயோ, கொதிக்கிதுடி, தோலை உரிக்கப் பாக்குறியா” என்று தெருவே கேட்கக் கத்துவார். ஈரக் கையோடு என்னைத் தூக்குவார். அவர் முகம் எனக்கு இப்போது சரியாக ஞாபகத்தில் இல்லை. அந்தக் கத்தல் இருக்கிறது.

யுத்தம் வந்தது. அப்பாவின் கப்பல் ரங்கூனுக்குப் போனது. ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போயிற்று, கப்பலைப் பற்றித் தகவல் இல்லை. கம்பெனி ஆபீஸ் வாசலில் அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு போய் நின்றதும், தெரியாது தெரியாது என்று கையை ஆட்டி அனுப்பியதும் நினைவிருக்கிறது. குண்டு விழும் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது அம்மா மட்டும் அசையவில்லை. கப்பல் ஊதினால் அடுப்பு மூட்டுவாள். விறகு எடுத்துக் கொடுக்க முதலில் ஓடுகிறவள் நான். தவலையிலிருந்து ஆவி கிளம்புவதைப் பார்த்த பிறகு வாசலில் போய் நின்றுகொள்வேன். தெருவில் இன்னும் சில வீடுகளுக்கும் ஆள் திரும்பவில்லை. அங்கெல்லாம் பெண்கள் ஒவ்வொருவராகப் பொட்டை அழித்தார்கள். அம்மா அழிக்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சையே யாரும் எடுத்ததில்லை.

நான் படித்தேன், சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற வேலைக்குப் போனேன், கல்யாணம் ஆயிற்று. என் புருஷனுக்கு பேசின் பிரிட்ஜ் பக்கம் வேலை. நல்ல மனுஷர், எங்கள் வீட்டோடே வந்து தங்கினார். யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரன் போய், எல்லாமே மாறிவிட்டது. வெந்நீர் மட்டும் மாறவில்லை. அம்மாவுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. கல்யாணமாகி வெகு காலம் கழித்து என்னைப் பெற்றவள் அவள். கப்பல் ஊதினால் அந்தத் தள்ளாமையிலும் எழுந்து போய் ஊதுகுழலை எடுப்பாள்.

எனக்கு எரிச்சலாக வரும். அதற்கு மேல் பயமும் உண்டு. சூடு பார்க்கிறேன் என்று அம்மா அந்தக் கல்லின் மேல் ஒரு சொம்பு ஊற்றுவாள். மாலையில் நான் வேலை முடிந்து வரும்போது கல் நனைந்து ஆவி விட்டுக்கொண்டிருக்கும். யாரோ இப்போதுதான் குளித்துவிட்டு உள்ளே போன மாதிரி இருக்கும். உள்ளே போனால் அம்மா மட்டும்தான் இருப்பாள். நான் அந்தக் கல்லைக் கடந்து படி ஏறும்போது ஒரு நாளும் திரும்பிப் பார்க்க மாட்டேன். பிள்ளைகளுக்குப் பேய் பிசாசு கிடையாது என்று பாடம் சொல்லிக்கொடுக்கிறவள்தான் நான். இருந்தாலும் முதுகு சில்லிட்டுப் போகும்.

குழந்தை பிறந்த பிறகு விவகாரம் முற்றியது. நான் வேலைக்குப் போனால் குழந்தையை அம்மாதான் பார்த்துக்கொள்வாள். ஒரு நாள் வீட்டுக்குள் நுழைந்தால் ஒரே புகை. தவலைக்குக் கீழே சவுக்குக் கட்டை நெருப்பு மூஞ்சியைச் சுட்டது. அடுப்பை ஒட்டித்தான் தூளி ஆடிக்கொண்டிருந்தது. தூளித் துணியின் ஓரம் கருகிச் சுருண்டிருந்தது. குழந்தை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அம்மா வாசலில் நின்று துறைமுகப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு அவளைப் போட்டுத் திட்டித் தீர்த்தேன்.

அன்றைக்கு என் புருஷன் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். “அத்தைய வெச்சுக்க மாட்டேன்னு சொல்லல. ஆனா ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுறோம். கொயந்தைக்கு எதுனா ஆச்சுன்னா அப்பால அழுது இன்னா பிரயோசனம்? கப்பல் சத்தம் கேக்காத எடமா ஒண்ணு பாரு.”

கப்பல் எப்போது வரும் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். அவரிடம் கேட்டுக்கொண்டு, கப்பல் வருகிற நாளாகப் பார்த்துப் போவேன். முதலில் போனது திருவொற்றியூரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய இடம். தரையில் சோற்றைக் கொட்டிச் சாப்பிடலாம், அப்படிச் சுத்தம். கிழவிகள் வரிசையாக உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள். எல்லாவற்றையும் காட்டி முடித்த சிஸ்டர், நான் கிளம்பாமல் வராந்தாவிலேயே நிற்பதைப் பார்த்து, பசியாக்கும் என்று எனக்கும் ஒரு கிண்ணம் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. பாதிக் கஞ்சியில் கடற்காற்றோடு அந்தச் சத்தம் வந்தது. மெலிசாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. மீதிக் கஞ்சியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டாவது இடம் பேசின் பிரிட்ஜைத் தாண்டி உள்ளே போக வேண்டும். பழைய பெரிய வீடு, கிணறு, வேப்ப மரம். வெள்ளைப் புடவை கட்டிய ஓர் அம்மாள் நடத்தினார். நிமிர்ந்த நடை, அளந்த பேச்சு. அங்கே ரயில் கூவியது, மில் சங்கு ஊதியது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன நேரம் வந்தது, போனது. கப்பல் சத்தம் மட்டும் கேட்கவேயில்லை. எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. வேப்ப மரத்தடியில் ஒரு கட்டிலைக்கூட அம்மாவுக்கென்று மனசுக்குள் போட்டுவிட்டேன்.

“எல்லாம் சரி, உங்க அப்பா இருக்காரா?” என்று அந்த அம்மாள் கேட்டார். “இது புருஷன் இல்லாதவங்களுக்கான இடம். புருஷன் இருக்கிறவங்களைச் சேர்த்துக்கிறதில்லை. நாளைக்கு அவர் வந்து, யாரைக் கேட்டுச் சேர்த்தீங்கன்னு நின்னா நாங்க என்ன பண்றது?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்தேன், வரவில்லை. தினமும் பிள்ளைகள் நடுவில் கத்துகிற வாய் அது. அந்த அம்மாள், “அம்மாவைக் கூட்டிட்டு வாங்க, நானே கேட்டுக்கிறேன்” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழந்தையை என் புருஷனிடம் விட்டுவிட்டு அம்மாவை ரிக்‌ஷாவில் கூட்டிக்கொண்டு போனேன். எங்கே போகிறோம் என்று சொல்லியிருந்தேன். அம்மா சரி என்றாள். தலையைச் சீவி முடிந்து, பூ வைத்து, எப்போதும் போல் பெரிய பொட்டாக வைத்துக்கொண்டு ஏறினாள். வழி நெடுக எனக்கு ஒரே யோசனைதான். கேட்டால் என்ன சொல்லுவாள்? கப்பலில் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்பாள். அந்த அம்மாள் எங்களைத் திருப்பி அனுப்புவார். இல்லாவிட்டால், செத்துவிட்டார் என்று நான் அம்மாவின் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியிருக்கும்.

அம்மா அந்த இடத்தைச் சுற்றிப் பார்த்தாள். கட்டிலைத் தட்டிப் பார்த்தாள். சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, “இங்க சுடுதண்ணி யாரு வெப்பாங்க?” என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சமையல்காரி வைப்பாள், இங்கே இருப்பவர்கள் அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்றார் அந்த அம்மாள். “நல்லதுதான்” என்றாள் அம்மா.

பிறகு எங்களை உட்காரவைத்து அந்த அம்மாள் கேட்டார். “உங்க வீட்டுக்காரர் இருக்காரா, அம்மா?”

“இல்லமா. செத்துட்டாரு” என்றாள் அம்மா.

ஏதோ பக்கத்துத் தெருச் சேதி சொல்கிற மாதிரி சொன்னாள். “குண்டு போட்டு கப்பலு முழுவிப் போச்சு. கூடப் போன ஆளு ஒருத்தன் தப்பிச்சு வந்து எங்கிட்ட சொன்னான். சண்ட நடந்துகினு இருக்கும்போதே சொல்லிட்டான். கண்ணால பாத்தவன்.”

அந்த அம்மாள் பூவையும் பொட்டையும் பார்த்தார். அம்மா என் பக்கம் மோவாயைக் காட்டினாள்.

“இதுக்கோசரம்தான். அப்போ இது சின்னக் கொயந்த. கப்பல் ஊதினா வாசல்ல போய் நிக்கும். சுடுதண்ணி வெக்கலன்னா அழுது அழுது ஜொரம் வந்துரும். கொஞ்சம் பெருசாவட்டும், சொல்லிக்கலாம்னு வெச்சுகினே வந்தேன். அப்பால எப்படி நிறுத்துறது? நிறுத்துனா சொல்லணுமே. அதுவும் கேக்கல, நானும் சொல்லல.”

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். நானா கேட்டேன்? நானா அழுதேன்? ஆனால் நான்தான் அழுதேன். வெள்ளைப் புடவை அம்மாள் எழுந்து வெளியே போய்விட்டார். நான் அம்மாவிடம், “இத்தினி வருசம் சொல்லாதவ இன்னிக்கு ஏன் சொன்ன?” என்று கேட்டேன்.

“என்ன இங்க உடணும்னா யாராச்சும் சொல்லித்தானே ஆவணும். நீ சொல்ல மாட்ட. எனக்குத் தெரியாதா?” என்றாள்.

வேப்ப மரத்தடியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கையைப் பிடித்து எழுப்பி அம்மாவை ரிக்‌ஷாவில் ஏற்றினேன். “இன்னா, சேக்கலையா?” என்றாள். “வா வூட்டுக்கு” என்றேன்.

அன்று மாலை அம்மா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கப்பல் ஊதியது. அம்மாவின் கை ஒரு தரம் தரையில் ஊன்றியது. பிறகு அதை எடுத்துக் குழந்தையின் மேல் வைத்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை. சத்தம் அடங்கிவிட்டது. இவ்வளவு காலத்தில் அந்த வீட்டில் கப்பல் ஊதி அடுப்பு மூட்டாமல் இருந்தது அன்றுதான். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. தூளியை அவிழ்த்து ஓரமாகப் போட்டுவிட்டு, கட்டையை அடுக்கி நானே மூட்டினேன். தவலையை ஏற்றி விளிம்பு வரைக்கும் தண்ணீர் ஊற்றினேன்.

“இன்னாத்துக்குடி?” என்றாள் அம்மா.

“தல முழுவத்தான். சாவு சேதி எனக்கு இன்னிக்குத்தான வந்துது.”

“அதுக்குப் பச்சத்தண்ணியிலதான் முழுவணும்.”

“எங்கப்பாவுக்கு இதான்” என்றேன்.

குழந்தையை என் புருஷனிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போனோம். முதலில் கல்லில் நான் உட்கார்ந்தேன். அம்மா ஊற்றினாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொள்ளவில்லை, தெருவே பார்க்க அழுதேன். பிறகு அவளை உட்காரவைத்து நான் ஊற்றினேன். முதல் சொம்பு தலையில் விழுந்ததும் அம்மா, “ஐயோ, கொதிக்கிதுடி” என்றாள். பூ நனைந்து தோளில் விழுந்தது. பொட்டு கரைந்து மூக்கு வழியாக இறங்கியது. நான் துடைக்கவில்லை, அவளும் துடைத்துக்கொள்ளவில்லை.

அம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு, தவலையில் மிச்சமிருந்த வெந்நீரைக் கல்லின் மேல் ஊற்றினேன். படி ஏறியவள் நின்று திரும்பிப் பார்த்தேன். கல் நனைந்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தாமல் உள்ளே போனேன்.