தேங்காயெண்ணெய் போட்ட துவக்கு

எங்கள் வீட்டில் துவக்கு என்ற சாமானுக்கு இடமில்லை. தண்ணீர் பீச்சுகிற பிளாஸ்டிக் துவக்குக்குக்கூட இல்லை. என்னுடைய பிறந்தநாளுக்கு ஒரு அன்ரி பச்சை நிறத்தில் ஒன்று கொண்டுவந்து தந்தபோது, அவருடைய கார் தெருமுனை திரும்புவதற்குள் அம்மா அதைக் குப்பைப் பையில் போட்டுவிட்டார். ஏன் என்று கேட்கக் கூடாது என்பதும் அந்தச் சட்டத்தின் ஒரு பகுதி. அப்படிப்பட்ட வீட்டுக்குள், எனக்குப் பத்து வயதாக இருந்த ஒரு ஒக்டோபர் மாதத்தில், சின்ன மாமா பகிரங்கமாக ஒரு பிஸ்டலை வாங்கிக்கொண்டு வந்தார். அம்மாவே அதற்குச் சம்மதம் கொடுத்திருந்தார் என்பதுதான் அதிசயம்.

சின்ன மாமா அம்மாவின் கடைசித் தம்பி. கனடாவுக்கு வந்து சில வருடங்களாகியும் அஜின்கோர்ட்டில் எங்கள் வீட்டு பேஸ்மென்டிலேயே இருந்தார். மார்க்கம் நகரில் ஒரு வெயர்ஹவுஸில் வேலை. போவார், வருவார், சாப்பிட்டதும் கீழே இறங்கிவிடுவார். வேலையிடத்தில் மற்றவர்கள் ஒரு மேசையைச் சுற்றியிருந்து கதைத்துக்கொண்டு சாப்பிட, இவர் மட்டும் பெட்டிகளுக்குப் பின்னால் தனியே இருந்து சாப்பிடுகிறார் என்பதை அம்மா எப்படியோ கண்டுபிடித்திருந்தார். அன்றிலிருந்து அதுதான் அம்மாவின் தலையாய கவலை. தொலைபேசியில் யாருடன் என்ன கதை தொடங்கினாலும் கடைசியில் அந்தப் பெட்டிகளுக்குப் பின்னால் வந்து நிற்கும்.

ஆகவே, அங்கே லிஃப்ட் ட்ரக் ஓட்டுகிற ஒரு நெட்டையர், மாமாவைத் தங்களோடு விளையாட வரச் சொன்னபோது அம்மாவால் இலகுவாக மறுக்க முடியவில்லை. விளையாட்டு இதுதான்: அஜக்ஸ் நகருக்கும் அப்பால் ஒரு காட்டில், சனிக்கிழமைகளில், வளர்ந்த மனிதர்கள் இரண்டு பிரிவாகப் பிரிந்து, காஸ் அழுத்தத்தில் வேலை செய்யும் பொய்த் துவக்குகளால் பிளாஸ்டிக் குண்டுகளை ஒருவர்மேல் ஒருவர் சுட்டுக்கொள்வார்கள். அம்மா ஓரிரு நாள் யோசித்தார். பிறகு, "போகட்டும். நாலு பேரோடை பழகினாக் காணும்" என்றார்.

அப்பாவுக்கு இது நல்ல வாய்ப்பாகப் போய்விட்டது. "அங்கை சண்டைக்குத் தப்பிக் காசு குடுத்து ஓடி வந்தம், மச்சான். நீ இஞ்சை காசு குடுத்து ஓடப்போறாய்" என்றார். மாமாவும் சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம் என்பதால் எனக்கு நினைவிருக்கிறது.

பிஸ்டல் வந்த பெட்டியை மாமா வரவேற்பறை மேசையில் வைத்துத்தான் திறந்தார். அந்த மேசைக்கு மேலேதான் பெரிய மாமாவின் படம், பிளாஸ்டிக் மாலையுடன் தொங்கும். சின்ன மாமாவின் அண்ணன், ஊரில் சண்டையில் செத்துப்போனவர் என்பதற்குமேல் அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "உதை அதிலை வையாதை. கராஜுக்குக் கொண்டுபோ" என்றார். மேசையில் கீறல் விழும் என்று பயப்படுகிறார் என நினைத்துக்கொண்டு, பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போனேன்.

மாமாவுக்கு உதவியாளராக என்னை நானே நியமித்துக்கொண்டேன். பெட்டிக்குள் இருந்த சிறு புத்தகம் பெரும்பாலும் ஜப்பான் மொழியில். ஆங்கிலம் ஒரு பக்கம். அந்த ஒரு பக்கத்துக்கு வீட்டில் அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பாளர் நான்தான். மாமாவுக்கு வரும் கடிதம், வங்கியிலிருந்து வரும் அழைப்பு எல்லாவற்றுக்கும் நான்தான். அந்தப் பதவியில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

வெற்று அரிசிப் பை ஒன்றைக் கராஜின் பின்சுவரில் தொங்கவிட்டு, நடுவில் வட்டம் கீறினோம். பக்கத்து வீட்டார் பார்த்தால் பொலிஸ் வரும் என்று அப்பா சொன்னதால் கராஜ் கதவு பூட்டியே இருந்தது. மாமா தன் பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நான் என் நீச்சல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். கைபிடிக்குள் செருகுகிற மகசினில் வெள்ளைக் குண்டுகளை அடைத்து, அதன் அடியிலுள்ள சிறு துவாரத்தால் காஸும் நிரப்பி, மாமா சுட்டார். முதலாவது குண்டு அரிசிப் பையில் பட்டது. இரண்டாவது பட்டதா என்று தெரியவில்லை. மூன்றாவது குழாயிலிருந்து உருண்டு மாமாவின் சப்பாத்துக்குப் பக்கத்தில் விழுந்தது.

அன்றைக்குக் கண்டுபிடித்த முதல் தவறு, காஸ் நிரப்பும்போது போத்தலைத் தலைகீழாகப் பிடிக்காமல் விட்டது. நிமிர்த்திப் பிடித்தால் உள்ளே வெறும் ஆவிதான் போகும். அதைத் திருத்தினோம். இப்போது மகசினின் அடியில் பாம்புபோல் சீறிக்கொண்டு காஸ் வெளியே வந்தது. உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்துபோயிருக்கலாம், எண்ணெய் விடவும் என்று புத்தகம் சொன்னது. என்ன எண்ணெய் என்றும் சொல்லியிருக்க வேண்டும். நான் அந்தச் சொல்லை வாசித்தேன், விளங்கவில்லை, விட்டுவிட்டேன். பெட்டிக்குள்ளும் எண்ணெய் இருக்கவில்லை.

எங்கள் வீட்டில் எண்ணெய் என்றால் ஒன்றுதான். தையல் மெஷினுக்கும் அதுதான், கிறீச்சிடும் கதவுக்கும் அதுதான், என் தலைக்கும் அதுதான். மாமா குளியலறையிலிருந்து தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து, பஞ்சில் தோய்த்து, ரப்பர் வளையத்துக்கும் மேற்பாகம் வழுக்கி ஓடும் தடத்துக்கும் தாராளமாகப் பூசினார். சீறல் நின்றது. பிஸ்டல் அருமையாகச் சுட்டது. கராஜ் முழுக்கக் கோயில் மடப்பள்ளி மணம்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் பிஸ்டல் செத்துக் கிடந்தது. விசையை அழுத்தினால், மேற்பாகம் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர் கட்டிலிலிருந்து எழும்புவதுபோல் பாதி தூரம் போய் அப்படியே நின்றுவிடும். மாமா அதைத் தட்டினார், ஊதினார், உதறினார். காசைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்றார். எனக்கு அழுகை வரப் பார்த்தது. சனிக்கிழமைக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. மாமா போகாவிட்டால் மறுபடி பெட்டிகளுக்குப் பின்னால்தான் இருந்து சாப்பிடுவார் என்று அம்மா சொல்லியிருந்தார்.

பிறகு அவர் மேற்பாகத்தைக் கழற்றியபோது தடம் முழுக்க வெள்ளையாக எதுவோ அப்பியிருப்பதைக் கண்டேன். அது என்ன என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஒவ்வொரு குளிர்காலமும் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா போத்தலைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குவார். பொறுமையில்லாத நாட்களில் கட்டியாகவே என் தலையில் வைத்துத் தேய்த்துவிடுவார். "மாமா, எண்ணெய் உறைஞ்சு போச்சு" என்றேன். மாமா என்னைப் பார்த்தார், பிஸ்டலைப் பார்த்தார், கராஜ் நிலத்திலேயே இருந்து சிரிக்கத் தொடங்கினார். அவ்வளவு நேரம் அவர் சிரித்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை.

அம்மாவின் ஹெயார் ட்ரையரால் சூடாக்கி, காது துடைக்கும் பஞ்சுக் குச்சிகளால் மிச்சமில்லாமல் துடைத்தோம். நெட்டையரிடம் கேட்டுச் சரியான எண்ணெயை மாமா வாங்கி வந்தார். அதுதான் சிலிக்கோன் எண்ணெய். நான் வாசிக்காமல் விட்ட சொல். குளிரில் காஸ் சோம்பிவிடும், மகசினைச் சட்டைக்குள் உடம்போடு வைத்திருக்க வேண்டும் என்ற விஷயமும் அவர் மூலம் வந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் பிஸ்டல் ஒரு குண்டுகூடப் பிசகாமல் சுட்டு, கடைசிக் குண்டு போனதும் மேற்பாகம் பின்னால் போய் டக்கென்று நின்றது. எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது.

அன்றைக்கே, விளையாட்டு நடத்துகிறவர்கள் அனுப்பிய காணொளியையும் பார்த்தோம். தாடிக்காரர் ஒருவர் விதிகளைச் சொல்லிக்கொண்டு போக, நான் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தேன். கண்ணாடியைக் கழற்றக் கூடாது. மிகக் கிட்ட நின்று சுடக் கூடாது. குண்டு பட்டால் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு வெளியே நடக்க வேண்டும். கையைத் தூக்கிக்கொண்டு நடப்பவரை யாரும் சுடக் கூடாது.

"உதை ஒருக்கால் திருப்பிப் போடு" என்றார் மாமா.

போட்டேன். மறுபடியும் சொன்னேன்.

"கையைத் தூக்கிக்கொண்டு வாறவனைச் சுடமாட்டினமோ?"

"ஓம் மாமா. சுட்டா அவையைத்தான் வெளியிலை அனுப்புவினம்."

மாமா தலையை ஆட்டினார். சப்பாத்தி மாவைப் பிசைந்துகொண்டிருந்த அம்மா கையைக் கழுவாமலே வந்து வாசலில் நின்று எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். குண்டு பட்டால் நோகும் என்று மாமா பயப்படுகிறாராக்கும் என நான் நினைத்தேன்.

சனிக்கிழமை காலையில் நெட்டையர் வந்து தன் ட்ரக்கில் மாமாவை ஏற்றிக்கொண்டு போனார். அம்மா விடிய எழும்பிப் பொரித்த ரோல்ஸ் ஒரு பெரிய பெட்டி நிறைய மாமாவின் மடியில் இருந்தது. எல்லாருக்கும் காணும், மேசையில் வைத்து எல்லோரோடும் இருந்து சாப்பிட வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. பின்னேரம் ஆகும் வருவதற்கு என்று சொல்லித்தான் போனார்.

மத்தியானத்துக்கே திரும்பிவிட்டார். நெட்டையர் கொண்டுவந்து விடவில்லை. அஜக்ஸிலிருந்து தனியே ட்ரெயின் பிடித்து வந்திருந்தார். ரோல்ஸ் பெட்டி திறக்கப்படாமல் அப்படியே இருந்தது.

"துவக்கு வேலை செய்யேல்லை" என்றார்.

"திருப்பியும் தேங்காயெண்ணெய் விட்டனியோ?" என்றார் அப்பா.

எனக்குப் பொறுக்கவில்லை. அது நானும் சேர்ந்து திருத்திய துவக்கு. மாமாவின் பையிலிருந்து பிஸ்டலை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனேன்; எல்லோரும் பின்னால் வந்தார்கள். மகசினில் ஒரு குண்டும் குறையாமல் இருந்ததை அப்போது நான் பொருட்படுத்தவில்லை. நீச்சல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அரிசிப் பையைப் பார்த்துச் சுட்டேன். கடைசிக் குண்டு வரைக்கும் போய், மேற்பாகம் டக்கென்று நின்றது. "பாத்தீங்களோ, நல்லா வேலை செய்யுது" என்று திரும்பினேன்.

"ஓம்" என்றார் மாமா. "அது வேலை செய்யுது." பிறகு கீழே இறங்கிப் போய்விட்டார்.

அப்பா பகிடி விடவில்லை. அம்மா ரோல்ஸ் பெட்டியைத் திறந்து, ஒன்றையும் எடுக்காமல் மூடினார்.

பின்னேரம் வீட்டு ஃபோன் அடித்தது. நெட்டையர். வழக்கம்போல நான் எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்ற அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். மாமா சுகமாக வந்து சேர்ந்தாரா என்று கேட்கிறார். தொடங்கின உடனேயே மாமாவுக்குக் குண்டு பட்டுவிட்டதாம். கையைத் தூக்கினாராம். வெளியே நடக்கச் சொன்னார்களாம், நடக்கவில்லையாம். மரங்களுக்கு நடுவில் கையைத் தூக்கினபடியே நின்றாராம். விளையாட்டை நிறுத்திப்போட்டு நெட்டையர்தான் போய்த் தோளில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாராம். கொண்டுவந்து விடுகிறேன் என்று சொல்லியும் கேட்கவில்லையாம்.

ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். அம்மா, "தேங்ஸ் எண்டு சொல்லு, பிள்ளை" என்றார். சொன்னேன்.

ஃபோனை வைத்த பிறகு எனக்குக் கோபம் வந்தது. "சுடமாட்டினம் எண்டு நான் ரெண்டு தரம் சொன்னனான். பிறகேன் நடக்கேல்லை? நான் சரியாத்தானே சொன்னனான்?"

"நீ சரியாத்தான் சொன்னனீ" என்றார் அம்மா. என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

அதே விதியைச் சின்ன மாமா ஏற்கனவே ஒருமுறை கேட்டிருந்தார் என்பதை நான் பல வருடங்கள் கழித்து அம்மாவிடமிருந்து அறிந்தேன். ஊரில், சண்டையின் கடைசி நாட்களில், இராணுவத்தினர் ஒலிபெருக்கியில், நல்ல தமிழில் அதைச் சொன்னார்களாம். கையைத் தூக்கிக்கொண்டு வருபவர்களைச் சுடமாட்டோம் என்று. பெரிய மாமா அதை நம்பிக் கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். சின்ன மாமா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. மாமாவுக்கு ஆங்கிலம் போதாது, தாடிக்காரர் சொன்னது சரியாக விளங்கவில்லை என்று நான் தீர்மானித்துக்கொண்டேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பேஸ்மென்டுக்கு இறங்கிப் போய், மாமாவைப் பக்கத்தில் இருத்தி, அந்தக் காணொளியை முதலிலிருந்து போட்டேன். கையைத் தூக்கும் இடம் வந்ததும் நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக அவரைச் சொல்ல வைத்தேன். மாமா பொறுமையாக இருந்து எல்லாவற்றையும் எனக்குப் பின்னால் திருப்பிச் சொன்னார்.