பழனிக்குப் பின்னால் ஒரு நட்சத்திரம்

ஃபிளெக்ஸ் பேனர் கடைக்காரனுக்கு ஊர்ல நடக்கிற நல்லதும் கெட்டதும் ஒரே மெஷின்லதான் வருமுங்க. கருமத்தம்பட்டியில என்னை மாதிரி கடை போட்டு மாட்டிக்கிட்டவங்களுக்கு இது புரியும்.

நட்சத்திரம்

பழைய பேனர் எதையும் கம்ப்யூட்டர்ல இருந்து அழிக்கறதில்லை. இறந்தவங்களுக்கு வருசம் திரும்பினா அதே போட்டோவைத்தான் கேப்பாங்க. ஒவ்வொண்ணாத் தேடி நான் முழிக்கறதைப் பாத்து, பீளமேட்டுல கம்ப்யூட்டர் வேலைக்குப் போற மருமக சுதா ஒரு வழி செஞ்சு கொடுத்தா. பேரோட ஆரம்பத்தை அடிச்சு, பின்னால ஒரு நட்சத்திரக் குறி போட்டா, அப்படி ஆரம்பிக்கிற ஃபைல் அத்தனையும் பிரிண்டுக்குப் போயிருமாம்.

"பின்னால என்ன இருந்தாலுமா அம்மணி?"ன்னேன்.

"நட்சத்திரம் ஆளைப் பாக்காதுங்க மாமா, முன்னால இருக்கிற பேரைத்தான் பாக்கும்."

முதல்ல வந்தவங்க

சோமனூர்ல தறி ஓட்டற பழனிச்சாமி, மக கல்யாணத்துக்குப் பத்து பேனர் சொல்லியிருந்தாரு. அதுக்கெல்லாம் பழனி1, பழனி2ன்னு வரிசையா நம்பர் போட்டு வெச்சது சுதாதான். அன்னைக்குச் சாயங்காலமே வரவேற்பு. மாப்பிள்ளை ஊட்டுல சகுனம் ரொம்பப் பாப்பாங்களாம். அவரைப் பக்கத்துல நிக்க வெச்சுக்கிட்டே 'பழனி' அடிச்சு, நட்சத்திரம் போட்டேன். முதல்ல இறங்குனது மாலை போட்ட போட்டோ: 'கண்ணீர் அஞ்சலி, பழனியம்மாள்.' போன மாசத்து வேலை. மெஷினை நிறுத்திப்போட்டேன். அவரு முகம் வெளுத்துருச்சு.

"மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பாத்தா மண்டபத்துக்குள்ளயே வரமாட்டாங்க. ஏனுங்க, இந்தம்மா யாருங்க?"

கேள்விக்குறி

சுதாவுக்குப் போன் போட்டேன். நட்சத்திரத்துக்குப் பதிலாக் கேள்விக்குறி போடுங்கன்னா. அது ஒரே ஒரு எழுத்துக்கோ எண்ணுக்கோதான் இடம் கொடுக்குமாம். பழனி1, பழனி2 எல்லாம் வரும், அந்தம்மா வரமாட்டாங்க. அப்படியே வந்துச்சு. சுருட்டி அவரு வண்டியில ஏத்தினா, பொண்ணும் மாப்பிள்ளையும் ஜோடியா நிக்கிற வாசல் பேனரை மட்டும் காணோம். மறுபடியும் போன்.

"அது பழனி10ங்க மாமா. பத்துக்கு ரெண்டு எண்ணு, நீங்க ஒரு கேள்விக்குறிதான போட்டீங்க?"

மண்டப வாசல்

அவரை முன்னால அனுப்பிட்டு, இன்னொரு கேள்விக்குறி சேத்து, வந்ததை எடுத்துக்கிட்டு நானே மண்டபத்துக்கு ஓடுனேன். வழியிலதான் பயம் புடிச்சுது. அந்தப் பழனியம்மாள் பேனரை எங்க வெச்சேன்னு நெனப்பே இல்லை. சுருட்டிட்டா எல்லாத்துக்கும் ஒரே வெள்ளை முதுகுதானுங்க. அங்க போனா, பட்டு வேட்டியோட பழனிச்சாமி தரையில உக்காந்து, ஒவ்வொரு சுருளா ஒரு சாண் பிரிச்சு எட்டிப் பாக்கறாரு. அந்நேரம் மாப்பிள்ளையோட அப்பா வந்துட்டாரு.

"என்னங்க சம்பந்தி, போட்டோ நல்லா வந்திருக்குதான்னு பாக்கறீங்களா?"

இவரு தலையே தூக்கலை.

"இல்லீங்க சம்பந்தி. நாம கூப்பிடாதவங்க யாராச்சும் வந்துட்டாங்களான்னு பாக்கறனுங்க."

அந்தம்மா கடையில மெஷினுக்கு அடியிலதான் கெடந்தாங்க. அன்னையில இருந்து யாரு பேர் சொன்னாலும், அதுக்குப் பின்னால என்னன்னு கேக்காம நான் கீபோர்டைத் தொடறதில்லைங்க.