மேலிடம் பேசியதில் பாதி

அந்தக் குழாய்த் தொழிற்சாலையில் அவளுக்கு மேலிடம் என்று பெயர். கூரையை ஒட்டி ஓடும் கிரேனின் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, கீழே கட்டிவைத்த குழாய்களைத் தூக்கி லாரியில் இறக்குவது அவள் வேலை. “மேலிடத்து உத்தரவு இன்னும் வரலியே, எப்படிய்யா நகர்த்துறது?” என்று கீழே இருப்பவர்கள் கத்துவார்கள். அவள் டீ குடிக்க இறங்கினால், “மேலிடமே தொண்டர்களைத் தேடி வந்திருச்சுடா” என்பார்கள். அவளும் சிரிப்பாள். மனசில் விஷமில்லாத கிண்டல் எது, விஷம் தடவியது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவள்.

அங்கே அவள் முதலில் சேர்ந்தது கூட்டிப் பெருக்கத்தான். இரும்புத் தூளும் எண்ணெயும் குழைந்த சேற்றை வாரிக் கொட்டி இடுப்பு விட்டுப் போயிருந்த சமயம், அப்போதிருந்த அரசாங்கம் கம்பெனிகளை நெருக்க ஆரம்பித்தது. எல்லா வேலையிலும் எல்லா வகை மனிதர்களும் இருக்க வேண்டும், ஆண்களே இருந்த இடங்களில் பெண்களையும் எடுங்கள் என்றது. உடனே மேனேஜருக்கு ஞானம் பிறந்துவிட்டது. பெண்களுக்குக் கிரேன் பயிற்சி என்று அறிவிப்பு ஒட்டினார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு முதல் ஆளாகப் போய் நின்றவள் இவள். கை படிந்துவிட்டது. தூக்கிய பாரம் ஊசலாடாமல் நிற்பதற்கு எந்த இடத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது அவள் விரலுக்கே தெரிந்தது.

அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேனேஜர் ஒரு புகைப்படக்காரரை அழைத்து வந்தார். புது ஹெல்மெட், கையில் ஒரு பொட்டு அழுக்கில்லாத புதுக் கையுறை. கூடவே வந்த பெண் அவள் உதட்டில் சாயம் தடவினாள்.

“இதைப் பூசிக்கிட்டு எவ சார் கிரேன் ஓட்டுறா?”

“படத்துக்குத்தாம்மா. சிரிங்க, நல்லாச் சிரிங்க.”

சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஆளுயரத்துக்குப் பெரிதாகி வாசலில் தொங்கியது. வேலைக்கு வரும்போதெல்லாம் அதைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டே உள்ளே நுழைவாள். ஆனாலும் அந்தப் பயிற்சியால் நான்கு பெண்கள் கிரேனுக்கு வந்தார்கள் என்பதை அவள் மறுத்ததில்லை. ஐந்தாவதாக வரவேண்டியவள் அவளுடைய நாத்தனார்.

நாத்தனார் புருஷனோடு ஒத்துப்போகாமல் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டவள். வந்த புதிதில் மூலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இவள்தான் இழுத்துக்கொண்டு போய்த் தொழிற்சாலையில் பெருக்கும் வேலையில் சேர்த்து, பிறகு பயிற்சிக்குப் பெயர் கொடுக்க வைத்தாள். கூண்டில் ஏறி உட்கார்ந்த அன்று நாத்தனார் வீட்டில் வாய் ஓயாமல் பேசினாள். “அண்ணி, மேலே இருந்து பார்த்தா அந்த சூப்பர்வைசரோட வழுக்கை பளபளன்னு தெரியுது. எவ்வளவு கத்தினாலும் வழுக்கைதான் தெரியுது, பயமே வரலை.” அண்ணன்காரன் புரையேறிச் சிரித்தான்.

பிறகு ஆட்சி மாறியது. வந்தவர்கள் வேறு பாட்டுப் பாடினார்கள். பெண், ஊனம், இனம் என்று பார்த்து வேலை கொடுக்கும் கம்பெனிகள் திறமைசாலிகளுக்குத் துரோகம் செய்கின்றன. அப்படிப்பட்டவர்களுக்கு அரசாங்க ஒப்பந்தம் கிடையாது என்றார்கள். இந்தத் தொழிற்சாலையின் குழாய்களில் பெரும்பங்கு அரசாங்கத்தின் குடிநீர்த் திட்டத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்த வாரமே வாசல் படத்தைக் கழற்றினார்கள். அதில் அவளுக்கு வருத்தமில்லை. ஆனால் பயிற்சியையும் நிறுத்திவிட்டார்கள். தேர்வுக்குக் கொஞ்சமே பாக்கியிருந்த பெண்களை, நாத்தனார் உட்பட, பழையபடி பெருக்கப் போகச் சொன்னார்கள். கிரேன் பக்கத்தில் பெண்களுக்கென்று கட்டிய கழிப்பறையில் பெயின்ட் டப்பாக்களை அடுக்கிப் பூட்டினார்கள். இதையெல்லாம் நின்று செய்வித்தவர் அதே மேனேஜர்தான். குரல்கூட மாறவில்லை. பயிற்சியைத் தொடங்கும்போது எந்தக் குழைவோடு பேசினாரோ, அதே குழைவோடு மூடிவிட்டார். சட்டையை மாற்றுகிறவனுக்குக்கூடப் பொத்தான் போடக் கொஞ்ச நேரம் ஆகும். இந்த மனுஷனுக்கு அதுவும் ஆகவில்லையே என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சில நாள் கழித்து அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலி போட்டு, டீ வரவழைத்தார்.

“உங்களைப் பத்தி எங்களுக்கு ரொம்பப் பெருமைம்மா. சலுகை இல்லாம, சொந்தத் திறமையில முன்னுக்கு வந்தவங்க நீங்க. அதைக் கேமரா முன்னாடி நாலு வார்த்தை சொல்லுங்க, அரசாங்கத்துக்கு அனுப்பணும்.”

“திறமை இருக்கு சார், இல்லேங்கலை. ஆனா அந்தப் பயிற்சி இல்லேன்னா நான் இன்னும் பெருக்கிட்டுத்தானே இருப்பேன்?”

“அதையும் சொல்லுங்க, யாரு வேண்டாம்னா? உங்க மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க. இது நல்லபடியா முடிஞ்சா, பாதியில நிக்கிற பொண்ணுங்களுக்குத் தேர்வு வைக்க நான் மேல பேசறேன்.”

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவன் பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுபவன்; அதிகம் பேச மாட்டான். “அந்த ஆள் சொல்றதை நம்பாதே. ஆனா தங்கச்சிக்கு வழி பிறக்கும்னா பேசிப் பாரேன்” என்றான். நாத்தனார் ஆசையை வெளியே காட்டக் கூச்சப்பட்டு, பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கேமரா முன்னால் இவள் சொன்னது இதுதான்: “எனக்கு யாரும் பிச்சை போடலை. என் வேலை சுத்தம், யாரை வேணா கேட்டுப் பாருங்க. ஆனா கதவைத் திறந்துவிட்டதாலதான் உள்ளே வந்தேன். எனக்குப் பின்னாடி வந்த பொண்ணுங்க முகத்துல அந்தக் கதவைச் சாத்தாதீங்க.”

கேன்டீன் டிவியில் அது வந்தபோது அவள் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் அவள் முகம். “எனக்கு யாரும் பிச்சை போடலை. என் வேலை சுத்தம், யாரை வேணா கேட்டுப் பாருங்க.” உடனே கொடி, இசை, பெரிய எழுத்தில் ‘சலுகை வேண்டாம், திறமை போதும்’. அவ்வளவுதான். கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்தாள்.

மறுநாளே ஆளுங்கட்சிக்காரர்கள் அதைக் கூட்டங்களில் போட்டார்கள். முன்பின் தெரியாதவர்களெல்லாம் கைபேசியில் அவளைப் பாராட்டினார்கள். பாராட்டியவர்களின் வார்த்தைகளைப் படித்துக் காட்டினான் பக்கத்து வீட்டுக்காரன். அவளைத் தூக்கி வைத்துவிட்டு, மற்ற பெண்களை வாயில் வராத பேச்செல்லாம் பேசியிருந்தார்கள். “போதும் நிறுத்துங்க” என்று எழுந்து போய் முகத்தைக் கழுவினாள். கழுவக் கழுவ எதுவோ ஒட்டியிருப்பதுபோலவே இருந்தது.

நாத்தனார் அன்று சாப்பிட உட்காரவில்லை.

“முழுசாப் பேசினேன்டி. அவங்க வெட்டிட்டாங்க.”

“தெரியும் அண்ணி. நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு தெரியும். ஆனா பெருக்குற இடத்துல என்கிட்ட எல்லாரும் கேக்கறாங்க, உங்க அண்ணியே நாங்க பிச்சைக்காரிங்கன்னு சொல்றாங்களேன்னு. நான் ஒவ்வொருத்தர் காதுலயும் போய் மிச்சத்தைச் சொல்லிட்டு இருக்கவா?”

நாத்தனாருக்குப் போட்ட சோற்றை அவள் தட்டுப்போட்டு மூடிவைத்தாள்.

மறுநாள் மேனேஜரிடம் போனாள். அவர் வாயில் ஏதோ வாசனை மிட்டாயை உருட்டிக்கொண்டே பேசினார். “நீளமா இருந்தா யாரும் பார்க்க மாட்டாங்கம்மா. சுருக்கினோம். நீங்க சொல்லாத ஒரு வார்த்தையாவது அதுல இருக்கா?”

“பொண்ணுங்க தேர்வு?”

“காலம் சரியில்லையே.” மிட்டாய் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போனது. கோபம் வரும் என்று நினைத்துத்தான் அவள் போயிருந்தாள். வந்தது கோபமில்லை, அருவருப்பு. சாக்கடையில் கை வைத்துவிட்டவள்போல இரண்டு கையையும் உடம்பில் படாமல் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அன்று மதியம் கேன்டீனில் கூட்டம் நிறைந்திருந்தபோது பெஞ்சின் மேல் ஏறி நின்றாள். கூண்டிலிருந்து கத்திப் பழகிய தொண்டை. கேமராவிடம் சொன்னதை முதலிலிருந்து கடைசிவரை அப்படியே சொன்னாள். “இதுல முன்பாதியை மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தைத் தின்னுட்டாங்க. நான் உங்க யாரையும் பிச்சைக்காரின்னு சொல்லலை. பயிற்சி எடுத்துத்தான் நானும் ஏறினேன்.” யாரும் கை தட்டவில்லை. சிலர் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டார்கள். பெருக்கும் பெண்களில் மூத்தவள் மட்டும் எழுந்து வந்து, “இறங்கும்மா, பெஞ்சு ஆடுது” என்று கையைக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் அவளை வெளிமுற்றத்துக் கிரேனுக்கு மாற்றினார்கள். தகரக் கூண்டு, தலைக்கு மேல் வெயில், கண்ணில் புழுதி. வேலையை விட்டு நீக்க முடியாது. கட்சிக்காரர்கள் ஊரெல்லாம் காட்டிய முகமாயிற்றே. தன்னைக் காப்பாற்றுவது அந்த அசிங்கம்தான் என்று தெரிந்தபோது, வேலையை எறிந்துவிட்டு வந்துவிடலாமா என்று இருந்தது. புருஷன், “நீ விட்டா அவனுக்குத்தான் நிம்மதி” என்றான். அதனால் விடவில்லை.

நாத்தனார் விட்டுவிட்டாள். ஊருக்கு வெளியே கல் அறுக்கும் பட்டறையில் கிரேன் ஓட்ட ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்த ஒருவர், ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார். முதல் நாள் முடிந்து தலையெல்லாம் வெள்ளைத் தூளோடு வந்தாள்.

“எப்படி இருக்கு?” என்று இவள்தான் முதலில் கேட்டாள்.

“மிஷின் நல்லா இருக்கு அண்ணி. ஆனா பொம்பளைங்களுக்குன்னு ஒரு மறைவுகூடக் கிடையாது. பக்கத்து பெட்ரோல் பங்க்குக்குத்தான் ஓடணும்.” தலையிலிருந்த தூளைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: “கேன்டீன்ல நீங்க பேசினதைச் சொன்னாங்க. நல்லதுதான். ஆனா எனக்கு இன்னும் ஆறலை.”

“ஆற வேண்டாம். எனக்கே ஆறலை.”

சில மாதம் போனதும் மேனேஜர் வெயிலில் நடந்து வெளிமுற்றத்துக்கு வந்தார். வெளிநாட்டிலிருந்து பெரிய கொள்முதல்காரர்கள் வருகிறார்களாம். பெண்கள் வேலை செய்கிற இடமா என்று அவர்கள் கேட்பார்களாம். “பழைய மாதிரி ஒரு படம் மட்டும் எடுத்துக்கலாமா?” அதே குழைவு. வெளியே சொல்ல மாட்டீர்களே என்பதுபோல ஒரு சின்னக் கண் சிமிட்டல்.

துப்புவதற்கு அவள் வாயில் எச்சில் திரண்டது. துப்பவில்லை, விழுங்கினாள். “முடியாது சார். இனிமே என் முகத்தைக் கேட்டு யாரும் வராதீங்க” என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறிப் போய்க் கூண்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் உள்ளே இருந்த வேறொரு கிரேன்காரியைத் தேடிப் போனார்.

அவள் இன்னும் வெளிமுற்றத்தில்தான் இருக்கிறாள். அண்ணியும் நாத்தனாரும் மறுபடி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கல் பட்டறை முதலாளியிடம் ஒரு கழிப்பறை கட்டச் சொல்லி எப்படிக் கேட்பது என்று இருவரும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். தொழிற்சாலையைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும், “சாப்பிடும்போது வேண்டாம்” என்று இருவரில் ஒருத்தி சொல்லிவிடுவாள்.