வீட்டுக்குள் வரக் கூடாத பெயர்

எங்கள் அக்கா சோபனாவுக்குப் பயம் வந்தால் துப்பட்டா நுனி வாய்க்குள் போய்விடும். அந்த வாரம் முழுக்க அது ஈரமாகவே இருந்தது.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புத் தொழிலாளி வீட்டுப் பெண். வேலூரில் ஓர் ஆய்வகத்தில் புற்றுநோய் ஆராய்ச்சி. தோலுக்குச் சாயம் அடிக்கிறவர்களின் சிறுநீரைச் சின்ன டப்பாவில் வாங்கிப் பார்த்து நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்பது அவள் கேள்வி. பக்கத்து வீட்டு ஹலீமா பீக்கு மட்டும் அவள் தோல் டாக்டர். "பாப்பா, கால்ல ஒரே அரிப்பு, இன்னா தடவலாம்?"

ஆய்வக வேலை அந்த மாதத்தோடு முடிகிறது. இளம் விஞ்ஞானிகளுக்கு மூன்று வருஷம் பணம் கொடுத்து, கூடவே வழிகாட்ட மூத்தவர் ஒருவரையும் வைக்கிற நிதி ஒன்று இருந்தது. அதன் நேர்காணலில் தேறாவிட்டால் ஆராய்ச்சி நின்றுவிடும்.

"வாயேன், எங்க ஷூ கம்பெனில பசை தடவலாம். அந்த வாசனைக்குப் பயமெல்லாம் போயிடும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

வழிகாட்டியாக வரச் சம்மதித்தவர் அம்பிகா மேடம். வாயில் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டே பேசுவது போலிருக்கும். "சோபனா. ஆதாரம். எங்க?" அவ்வளவுதான். நேர்காணலுக்கும் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பேசச் சொல்லிவிட்டார். "லேப்ல உக்காந்தா என் மூஞ்சியவே பாப்ப."

சிக்கலே வீட்டில்தான். அம்மா அமிர்தவள்ளி அந்த நோயின் பெயரைச் சொல்ல விடமாட்டாள். சொன்னால் உள்ளே வந்துவிடுமாம். 'அந்த வியாதி' என்றுதான் சொல்ல வேண்டும், அதற்கும் ஒரு ஸ்தோத்திரம் சேர்த்து. அப்பா ஜெயசீலன் சாயம் அடிக்கிற பிரிவில் எத்தனையோ வருஷமாக இருக்கிறார். மேடம் குரலில் நான் கேள்வி கேட்டுப் பழக்கியபோதும், அடுப்படியில் அம்மா இருந்ததால், அக்கா 'அந்த வியாதி' என்றே பதில் சொன்னாள்.

நேர்காணல் அன்று நாங்கள் மூவரும் கதவுக்கு வெளியே நின்றோம். அக்காவின் இங்கிலீஷ் நன்றாகவே ஓடியது. "தட் டிசீஸ்" என்றாள். மறுபடியும் "தட் டிசீஸ்."

கம்ப்யூட்டரிலிருந்து ஜோலார்பேட்டை ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி ஒரு குரல் கேட்டது. "விச் டிசீஸ்?"

துப்பட்டா எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மா என் கையை நசுக்கினாள்.

அப்பா கதவைத் தள்ளினார். "கேன்சர்னு சொல்லும்மா. நான் கேட்டா இன்னா இப்போ?"

"யாரும்மா அது?" ஸ்டேஷன் குரல் தமிழுக்கு இறங்கியது.

"எங்கப்பா சார். சாயம் அடிக்கிறாரு. அவருக்கு வந்துடுமோன்னு பயம். அதான் பேரு வாயில வரல."

"இவ்ளோ பயந்தா, இல்லாததும் இருக்கிற மாதிரி தெரியுமே?"

"தெரியும் சார். அதுக்குத்தான் மேடம் கூட வேணும். நான் பயப்படுறப்ப, ஆதாரம் எங்கன்னு கேப்பாங்க."

கம்ப்யூட்டரை மூடியதும் அப்பா வாசற்படியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அந்தச் சின்ன டப்பா, எனக்கும் ஒண்ணு குடும்மா. கொஞ்ச நாளா சேப்பா போவுது."

அக்கா மேடத்துக்குப் போன் போட்டாள். அழுகைக்கு நடுவே அப்பா சொன்னதைச் சொன்னாள். "ஆராய்ச்சிக்கு இல்ல. டாக்டர்கிட்ட. நாளைக்கே கூட்டிட்டு வா" என்றார் மேடம். நேர்காணல் எப்படிப் போனது என்று அவர் கேட்கவே இல்லை.

அப்பாவின் மூத்திரப்பையிலிருந்து துளிச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு சொல்கிறோம் என்ற நாளில் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தோம். அப்பா செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். அக்காவின் போன் அடித்தது. கேட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள்.

"இன்னாடி? அப்பாவுதா?"

"இல்லம்மா. மேடம். பணம் கெடச்சிடுச்சாம். மூணு வருஷத்துக்கு."

அம்மாவுக்கு அது காதில் விழுந்ததா தெரியவில்லை. "அப்ப... கேன்சர் இல்லியா?" என்றாள்.

அவள் வாயிலிருந்து அந்தப் பெயரை அன்றுதான் கேட்டேன். எல்லார் குரலையும் பேசிக் காட்டுகிற எனக்கு அந்தக் குரல் மட்டும் வரவில்லை.

"அது இன்னும் தெரியலம்மா" என்றாள் அக்கா. உள்ளே இருந்து நர்ஸ் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்.